பாதை மூடிய இரவில் வண்டிக்குள் ஓய்வு: மலையகச் சாரதிகளுக்கும் மீட்புக் குழுக்களுக்கும் முழுமையான வழிகாட்டி

ஒக்டோபர் பிறந்துவிட்டால் மலையகப் பாதைகளில் வண்டி ஓட்டுகிறவர்களின் பயணக் கணக்கு மாறிவிடும். பெரகலையில் மண் சரிந்துவிட்டது என்ற செய்தி வந்து சேரும்போது பின்னாலும் ஒரு மரம் விழுந்திருக்கும். முன்னே போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பாதைகள் ஒரே சமயத்தில் பல இடங்களில் அறுந்துபோயின. இப்படிப்பட்ட நாட்களில் மரக்கறி லொறிக்காரர், மண் அள்ள வந்த பெக்கோ இயந்திரக்காரர், நிவாரணப் பொருள் ஏற்றிவந்த இராணுவ ட்ரக் குழுவினர் என்ற வேறுபாடெல்லாம் இல்லை. இரண்டு மூன்று பேர் ஓர் இரும்புக் கூண்டுக்குள் சாப்பிட்டு, காத்திருந்து, உறங்கியாக வேண்டும்.

இதில் மிகப் பழைய அனுபவம் உள்ளவர்கள் டாங்கிப் படையினர். நம் நாட்டு இராணுவத்திடம் உள்ள டி-55 டாங்கியில் நான்கு பேர் இருப்பார்கள்: கட்டளையிடுபவர், பீரங்கி சுடுபவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுபவர். மூடியைச் சாத்திக்கொண்டால் லொறியின் முன்கூண்டே மாளிகை என்று தோன்றும். அங்கே நாட்கணக்கில் அடைந்து கிடந்தவர்கள் கண்டுகொண்ட உண்மை, அடைபட்ட இடத்தில் ஓய்வு தானாக வராது என்பதுதான். டீசலையும் தண்ணீரையும் அளந்து வைப்பவர் எவரோ அவரே தூக்கத்தையும் அளந்து பங்கிட வேண்டும். நம் பாதைகளில் நடப்பது வேறு. எல்லோரும் இரவு முழுக்க அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதை திறந்துவிட்டது என்று குரல் கேட்டதும் எல்லோரிலும் அதிகம் களைத்தவரே ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். இங்கே எழுதுபவை வண்டிக்குப் பொறுப்பானவருக்காக. அவர் சாரதியாக இருக்கலாம், கோப்ரலாக இருக்கலாம்.

படி 1: நிற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்

உறங்க முடியாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாய் விரிப்பதில் பயனில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போன கதையை மலையகத்தில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. சரிவு ஒருமுறை வந்த இடத்துக்கு அருகில் இன்னொன்று வரலாம். ஆகவே வெட்டப்பட்ட மண்மேட்டின் அடியிலும், ஓடை பாதையைக் கடக்கும் மதகருகிலும், பள்ளத்தாக்குப் பக்கத்து விளிம்பிலும் நிற்காதீர்கள். தேயிலைத் தொழிற்சாலை முற்றம், கோயில் வளவு, அகலமான சந்தி ஆகியவை கொஞ்சம் தூரமானாலும் மேல். கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் கிடைக்கும் இடம் என்றால், வரிசை கலைந்துவிடுமே என்று தயங்க வேண்டாம்.

மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலைப் பொறுப்பானவர் மனதில் வைத்திருப்பது நல்லது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். கண்ணால் பார்க்கக்கூடிய அறிகுறிகளும் உண்டு. தெளிந்து ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது, புதிய இடத்தில் நீர் பீறிடுவது, மரமோ மின்கம்பமோ சாய்வது, தாரில் வெடிப்பு விழுவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஓய்வுப் பேச்சை விட்டுவிட்டு வண்டியையும் விட்டு இறங்கிப் பாதுகாப்பான இடத்துக்கு நடக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

இடம் சரி என்றால் ஹேண்ட் பிரேக், கியர், சில்லுகளுக்குக் கட்டை. மூன்றும் வேண்டும். கிடைத்த கல்லைக் காலால் தள்ளிவைப்பதைக் கட்டை என்று சொல்ல முடியாது. இறக்கத்துப் பக்கம் இரண்டு சில்லுகளுக்கும் இறுக வையுங்கள். முன் சில்லை மண்மேட்டுப் பக்கம் திருப்பி வைப்பது கூடுதல் காப்பு.

படி 2: வண்டிக்கு அடியில் படுக்க விடாதீர்கள்

லொறிக்கு அடியில் படங்கை விரித்து மழைக்கு ஒதுங்கிப் படுப்பது நம்மிடையே பழக்கமான காட்சி. சமவெளியில், காய்ந்த தரையில், பகலில் அது பரவாயில்லை. ஊறிய மலைமண்ணில் கூடவே கூடாது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிக்கு அடியில் குழி பறித்துப் படுத்த படையினர் மீது, மண் இளகி டாங்கியே அமிழ்ந்து இறங்கிய சம்பவங்கள் உண்டு. அதனால்தான் இன்றும் டாங்கிக் குழுக்களில் யார் எந்த இடத்தில் படுத்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்களை எண்ணிப் பார்க்காமல் இயந்திரத்தை இயக்கக் கூடாது. பெக்கோ இயந்திரத்தைச் சுற்றிப் படுப்பவர்களுக்கும் இதே சட்டம்தான். இருட்டில் பின்னால் எடுக்கும் இயந்திரத்துக்கு, சாக்குப் போர்த்திப் படுத்திருப்பவர் மண்குவியலாகவே தெரிவார்.

படி 3: காற்று

வண்டிக்குள் உறங்குபவரைச் சத்தமில்லாமல் கொல்லக்கூடியது குளிரைவிட கார்பன் மொனொக்சைட்டுதான். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான ஈர்ப்போடு அதைப் பிடித்துக்கொள்ளும். டாங்கிக்குள் எஞ்சின் புகையும் பீரங்கிப் புகையும் சேரும் என்பதால் காற்றாடி வைத்து அதை வெளியேற்றுகிறார்கள். நம் லொறியில் அப்படி ஒன்றும் இல்லை.

குளிருகிறது, கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற வேண்டும் என்று எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணயர்வதுதான் பெரும்பாலும் ஆபத்தைக் கொண்டுவருகிறது. சைலன்சர் குழாயின் வாய் சேற்றில் புதைந்திருந்தால், மேட்டில் முட்டிக்கொண்டிருந்தால், அல்லது மழைக்காகக் கட்டிய படங்கு பின்பக்கத்தை மூடியிருந்தால் புகை திரும்பி உள்ளே வரும். பக்கத்து வண்டியின் புகையும் வரலாம்; வரிசையாக நெருக்கி நிற்கும்போது உங்கள் சன்னலுக்கு நேராக அவருடைய குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டம் இப்படி இருக்கட்டும்: ஒருவர் உறங்கினால் எஞ்சின் நிற்க வேண்டும். மின்னேற்ற வேண்டுமானால் எல்லோரும் விழித்திருக்கும் மாலையில், சன்னல்களைத் திறந்துவைத்துச் செய்யலாம். கேஸ் அடுப்பு, கரிச்சட்டி எதுவாக இருந்தாலும் முன்கூண்டுக்குள் ஏறவே கூடாது.

எதிரெதிர்ப் பக்கத்துச் சன்னல்கள் இரண்டை ஒரு விரல் அளவு இறக்கிவையுங்கள். கண்ணாடியில் உட்பக்கமாக நீர் கோத்துச் சொட்டத் தொடங்கினால் காற்றோட்டம் போதவில்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அடித்துப்போட்டதுபோன்ற அசதி, இவற்றைக் களைப்பு என்று நினைத்துவிடுவது எளிது. இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் காரணத்தை ஆராய்ந்துகொண்டு உட்காராதீர்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இறக்கிவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். மழையில் நனைவதைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம்.

படி 4: படுக்கையை உண்டாக்குங்கள்

உட்கார்ந்தபடியே இரண்டு இரவுகளைக் கழிப்பது வெறும் முதுகுவலியோடு முடிவதில்லை. 1940இல் லண்டன்மீது குண்டுவீச்சு நடந்தபோது மக்கள் பதுங்கிடங்களில் மடக்கு நாற்காலிகளில் இரவைக் கழித்தார்கள். நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து இறப்பவர்கள் கூடியிருப்பதைக் கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் கவனித்தார். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் பின்பக்கத்தை அழுத்தி இரத்தவோட்டத்தைத் தடுத்திருந்தது. பிறகு பதுங்கிடங்களில் படுக்கைத் தட்டுகள் பொருத்தினார்கள். லொறி இருக்கையின் முன்விளிம்பும் தொடையின் அதே இடத்தில்தான் அழுத்துகிறது.

டாங்கிகளில் இதற்கு ஓர் அதிர்ஷ்டசாலி உண்டு. பிரித்தானியரின் சீஃப்டன், அமெரிக்கரின் ஏப்ரம்ஸ் போன்றவற்றில் மூடியைச் சாத்தினால் ஓட்டுபவர் ஏறத்தாழ மல்லாந்து படுத்தபடிதான் ஓட்டுவார். உயரத்தைக் குறைப்பதற்காகச் செய்த அமைப்பு, குழுவிலேயே நல்ல படுக்கையாகிவிட்டது. மற்றவர்கள் வெளியே படுக்க முடிந்தால் எஞ்சின் மூடியின் சூட்டில் படுப்பார்கள். முதுகு செங்குத்திலிருந்து 40 பாகைக்கு மேல் சாய்ந்துவிட்டால் தூக்கம் படுக்கைத் தூக்கத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அதைவிட நிமிர்ந்திருந்தால் தலை தொங்கும்போதெல்லாம் உடல் விழித்துக்கொள்ளும். சாய்க்க முடியாத இருக்கையில் கழுத்தை எத்தனை துவாயால் சுற்றினாலும் பலன் அரைகுறைதான்.

சிறிய லொறியின் முன்கூண்டை எடுத்துக்கொள்வோம். சாரதி இருக்கை தனி, பக்கத்தில் இருவர் உட்காரும் நீள இருக்கை, நடுவில் கியர். நீள இருக்கையில் ஒருவர் படுத்தால் முழங்காலுக்குக் கீழே இடம் போதாது. கால் வைக்கும் பள்ளத்தில் இரண்டு மூன்று வெற்று உரப்பைகளைச் சுருட்டித் திணித்து, அதன்மேல் உடுப்புப் பையை வைத்து இருக்கை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இரு இருக்கைகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை மடித்த படங்கால் நிரப்புங்கள். இடுப்பு அங்கேதான் இறங்கி நாரிப்பிடிப்பாகும். கியர்த் தண்டு விலாவில் குத்தாதபடி ஒரு சட்டையைச் சுற்றிக் கட்டுங்கள். கிளீனர் பையன் பின்னால் சரக்கின்மேல் படுப்பான் என்று விட்டுவிடாதீர்கள். கரட் மூட்டை நல்ல மெத்தைதான். ஆனால் படங்குக்கு அடியில் காற்று இல்லை, மூட்டை சரிந்தால் கூப்பிட்டாலும் குரல் வெளியே கேட்காது. ஒரே நேரத்தில் ஒருவர்தான் படுக்க முடியுமென்றால் அந்த ஒரு படுக்கையை முறைவைத்துப் பயன்படுத்துங்கள். இருவர் அரைகுறையாகச் சாய்ந்து கிடப்பதைவிட அது நல்லது.

விழித்திருக்கும் நேரங்களில் மணிக்கொரு தரம் இறங்கி நடக்கட்டும். இறங்க முடியாத மழையென்றால் குதிகாலையும் விரலையும் மாறி மாறி உயர்த்தி இறக்கிக் கெண்டைக்கால் தசையை இயக்கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ மருத்துவ உதவி வேண்டும்.

படி 5: காலில் இருந்து சூடு

கொழும்பிலிருந்து வியர்வையோடு ஏறியவர் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் போய்ச் சேரும்போது உடையை மாற்றாவிட்டால் இரவு பொல்லாதது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நனைந்த உடையை முதலில் களையச் சொல்லுங்கள், பிறகுதான் போர்வை. ஈரத்தின்மேல் கம்பளி போர்த்துவது வீண்.

பாதம் சூடாக இருந்தால் தூக்கம் சீக்கிரம் வரும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி காலுறையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, உறங்குவதற்கு மட்டும் என்று வைத்திருங்கள். இராணுவத்தில் சப்பாத்தைக் கழற்றாமல் உறங்கும் பழக்கம் சண்டைக்களத்துக்குரியது. மண்சரிவுப் பணியில் நாள் முழுக்கச் சேற்றில் நின்ற காலை இரவிலாவது காயவிடாவிட்டால் மூன்றாம் நாள் தோல் வெளுத்து ஊறிப் புண்ணாகும். காலுறையைக் கழற்றும்போதே அட்டை இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

படி 6: முறை வையுங்கள்

மற்றப் படிகள் எல்லாம் இதற்காகத்தான். மனித உடலின் விழிப்பு அதிகாலை 3 மணியிலிருந்து 5 மணிவரை மிகவும் தாழ்ந்து கிடக்கும். பிற்பகல் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையே சிறிய தாழ்வு ஒன்று உண்டு. முறை இந்த இரண்டு நேரங்களையும் கருதி அமைய வேண்டும்.

ஒரு லொறியில் சாரதியும் கிளீனரும் மட்டும், காலையில் பாதை திறக்கக்கூடும் என்றால்: கிளீனர் மாலை 7 மணிக்குப் படுத்து நள்ளிரவில் எழட்டும், சாரதி நள்ளிரவிலிருந்து 5.30 வரை உறங்கட்டும். ஓட்டப்போகிறவரின் தூக்கத்துக்குள் அந்தத் தாழ்ந்த நேரம் அடங்கிவிட வேண்டும். வழக்கத்தில் இது தலைகீழாக நடக்கிறது. மூத்தவர் என்பதால் சாரதி முதலில் படுக்கிறார், பின்னிரவில் எழுந்து காவலிருக்கிறார், அதே அசதியோடு வளைவுகளில் இறங்குகிறார். “அண்ணே, நீங்கள் முதலில் படுங்கள்” என்று பையன் மரியாதைக்காகச் சொல்வான். “நீ படு தம்பி, பன்னிரண்டுக்கு எழுப்புகிறேன்” என்று சொல்லிப் போர்வையை அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று வண்டிகள் சேர்ந்து நின்றால் காவலையும் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒருவர் விழித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்று லொறிகளில் ஆறு பேர் இருந்தால் பத்து மணி நேர இரவில் ஆளுக்கு ஒரு மணி நாற்பது நிமிடக் காவல்தான் வரும். முன்பின் அறியாதவர்கள் என்ற கூச்சத்தை முதல் மாலையிலேயே ஒரு தேநீரோடு தீர்த்துக்கொள்வது நல்லது. இராணுவக் குழுவோடு தோட்டத்து இளைஞர்களும் காவலில் சேர்ந்துகொண்டால், மழைச் சத்தத்துக்கு நடுவிலும் எந்த ஓடை குரல் மாறுகிறது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

தூக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டாதீர்கள். தூக்கத்தின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 90 நிமிடம். மணிக்கொரு தரம் எழுப்பப்படுபவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தெளிய மாட்டார். ஆளுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் தொடர்ச்சியாகக் கிடைக்கட்டும், மிச்சத்தைப் பகலில் ஈடுகட்டலாம். நாசா விமானிகளுக்கு 40 நிமிட ஓய்வு கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் சராசரியாக 26 நிமிடம் உறங்கினார்கள். அதற்கே விழிப்பு நன்றாகக் கூடியது. அமெரிக்க இராணுவம் 2020இல் வெளியிட்ட உடற்தகுதிக் கையேடும் குட்டித்தூக்கத்தை ஏற்றுக்கொள்கிறது. பகலில் கண்ணயர்பவனைச் சோம்பேறி என்று ஏசும் வழக்கத்தைப் பாதை திறக்கும்வரையாவது தள்ளிவையுங்கள்.

டாங்கிக் குழுக்களில் குறைவாக உறங்குபவர் பெரும்பாலும் தலைவர்தான். வானொலி அவரிடம், கட்டளை அவரிடம், கவலையும் அவரிடம். எல்லோரையும் உறங்க வைத்துவிட்டுத் தான் விழித்திருப்பதைப் பொறுப்பு என்று நினைப்பார். களைத்த ஒருவரின் தீர்ப்புத்தான் முழுக் குழுவையும் ஆபத்தில் தள்ளும். இதற்கு மருந்து, எதற்கெல்லாம் என்னை எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படுப்பது. கான் நீர் கலங்கினால், சிறு கற்கள் உருண்டால், யாருக்காவது தலைவலி என்றால், பொலிஸாரோ படையினரோ வண்டியை நகர்த்தச் சொன்னால் எழுப்பு. முதலாளியின் தொலைபேசி அழைப்பு இந்தப் பட்டியலில் இல்லை.

காவல் மாறும்போது எழுபவர் உடனே தெளிந்துவிட மாட்டார். எழுந்து உட்கார்ந்து, இறங்கி நின்று, ஒரு மிடறு தண்ணீர் குடித்த பிறகு, முன்னவர் மூன்று விடயங்களைச் சொல்லட்டும்: தண்ணீர் எப்படி ஓடுகிறது, என்ன சத்தம் கேட்டது, என்ன செய்தி வந்தது. எழுந்தவர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் காவல் கைமாறியதாகக் கணக்கு. “ம்” என்று மட்டும் சொன்னால் அவர் இன்னும் தூங்குகிறார்.

படுத்திருப்பவருக்கு இருட்டும் அமைதியும் வேண்டும். முன்கண்ணாடிக்குப் பத்திரிகைத்தாள் ஒட்டலாம். காவலிருப்பவர் கைத்தொலைபேசி வெளிச்சத்தை மறைத்து வைத்திருக்கட்டும், வீடியோ சத்தம் வேண்டாம்.

படி 7: தேநீரை அளவோடு

இரண்டாம் உலகப் போரின் முடிவில் வந்த சென்டூரியன் தொடங்கிப் பிரித்தானிய டாங்கிகளுக்குள் தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரம் பொருத்தப்படுகிறது. தேநீருக்காக வெளியே இறங்கிக் குண்டடி பட வேண்டாம் என்பது எண்ணம். அதில் ஊறிய தேயிலையில் எவ்வளவு நம் மலைகளில் பறித்த கொழுந்து என்று யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

சூடான பானம் மனதைத் தூக்கி நிறுத்தும், உண்மை. ஆனால் கஃபேன் பாதியளவு குறைவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். நள்ளிரவில் படுக்க வேண்டியவருக்கு மாலை 6 மணிக்குப் பிறகு சாயம் கூடிய பிளேன் டீ வேண்டாம். கொத்தமல்லித் தண்ணீரோ, சீனி போட்ட சுடுநீரோ போதும். காவலுக்கு எழுபவருக்கு அந்த நேரத்தில் தேநீர் கொடுங்கள். அது வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும் என்பதை அவர் தெரிந்துவைத்திருக்கட்டும். சாராயம் தூக்கத்தைக் கொண்டுவரும், பின்னிரவில் கலைத்தும் விடும். குளிருக்கு நல்லது என்பது வெறும் பேச்சு, தோல் சூடாகி உடம்பு குளிர்ந்துபோகும்.

சாப்பாட்டில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் இரண்டு நாளைக்குத் தாங்கும். சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. இரத்தக்கட்டிக்கு வழிவிடும் செயல் அது. வாய் அகன்ற போத்தல் ஒன்றை அதற்கென்று ஒதுக்கி அடையாளமிடுங்கள். இருட்டில் மலம் கழிக்கத் தனியாகச் சரிவில் இறங்க யாரையும் விடாதீர்கள்.

படி 8: பாதை திறந்ததும்

ஹோர்ன் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்து சாவியைத் திருப்புவதுதான் இரவு முழுக்கச் செய்த வேலையை வீணாக்கும். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவரின் தீர்ப்பு 15 முதல் 30 நிமிடம்வரை மந்தமாகவே இருக்கும். முகம் கழுவி, வண்டியைச் சுற்றி நடந்து, படங்குக் கயிறு, டயர், காற்றழுத்தம் பார்ப்பதற்குள் அந்த நேரம் போய்விடும். வரிசையில் பின்னால் நிற்பவர் கத்தினால் முந்திப் போகச் சொல்லுங்கள்.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைவேலை, இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் உள்ளவரின் வேலைக்குச் சமமாகிறது. 24 மணி நேரம் என்றால் 0.10 வீதத்துக்கு. இலங்கையில் ஓட்டுவதற்கான சட்ட வரம்பு 0.08. உறங்காதவரைப் பிடிக்கப் பொலிஸாரிடம் ஊதுகுழாய் இல்லை, ஆகவே பொறுப்பானவர்தான் கேட்க வேண்டும்: கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் உறங்கினாய்? நான்குக்குக் குறைவென்றால் மாற்றுச் சாரதி ஓட்டட்டும். மாற்று இல்லையென்றால் பாதை திறந்தபிறகும் பாதுகாப்பான இடத்தில் இன்னும் இரண்டு மணி நேரம் நிற்பதில் தவறில்லை. லீக்ஸ் கொஞ்சம் வாடும், அவ்வளவுதான். கடுகண்ணாவை, ரம்பொடை போன்ற நீண்ட இறக்கங்களில் பக்கத்தில் இருப்பவரும் உறங்கக் கூடாது.

புறப்படுமுன் ஆட்களை எண்ணுங்கள். படங்கையும் வண்டிக்கு அடியையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். சாரதி இருக்கையில் அமர்ந்து பிரேக்கை மிதித்துவிட்டேன் என்று வாயால் சொன்ன பிறகே கட்டைகளை எடுக்க வேண்டும். எடுப்பவர் இறக்கத்துப் பக்கம் நிற்காமல், வண்டியின் பக்கவாட்டில் நின்றுகொண்டு எடுக்கட்டும்.